மைனஸ் 4-ஆ, மைனஸ் 38-ஆ? தோலைக் குளிர்விக்கும் ஸ்ப்ரேயை அளப்பது எப்படி

கேள்வி இதுதான். லேசர் சிகிச்சையில் ஒவ்வொரு துடிப்புக்கும் (கணநேர ஒளி வீச்சுக்கும்) சற்று முன்னால் தோல்மீது குளிர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அது தோலை எவ்வளவு நன்றாகக் குளிர்விக்கிறது என்று அளக்க வேண்டும். கேட்டவர் மருத்துவப் பொறியியல் படிப்பவர். தன் முன்கையிலேயே 50 மில்லிவினாடி ஸ்ப்ரே அடித்துப் பார்த்திருக்கிறார். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி மைனஸ் 4 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிய தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்த வெப்ப உணரி) மைனஸ் 38 காட்டியது. எதை நம்புவது?

முதலில் ஒரு வேண்டுகோள்: சொந்தக் கையில் அடித்துப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்கள் குளிருக்கு மிகவும் பலவீனமானவை. மைனஸ் 4 முதல் மைனஸ் 7 டிகிரிவரை குளிர்ந்தாலே அவை சாகத் தொடங்கும் என்பது உறைசிகிச்சை செய்யும் மருத்துவர்கள் வெகுகாலமாக அறிந்தது. ஒரு தடவை அடித்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். அளவெடுக்கிறேன் என்று ஒரே இடத்தில் இருபது தடவை அடித்தால் அங்கே வெளிறிய தழும்பு வரலாம். அதற்கென்று போலித்தோல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது உங்கள் இரண்டு எண்கள். இரண்டுமே தோலின் வெப்பநிலை அல்ல. இரண்டு கருவிகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை பார்த்தது வேறு எதையோ.

கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒரு பதிலைச் சொல்ல ஏறத்தாழ அரை வினாடி எடுத்துக்கொள்ளும். உங்கள் ஸ்ப்ரே அதில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். குளிர்ந்த கணம், பிறகு சூடேறிய கணம் எல்லாவற்றையும் சேர்த்து அது ஒரு சராசரியைச் சொல்கிறது. அது பார்க்கும் வட்டம் ஸ்ப்ரே விழுந்த வட்டத்தைவிடப் பெரியது என்பதால் சுற்றியிருக்கும் சூடான தோலும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதையெல்லாம் சரிசெய்து வேகமான அகச்சிவப்பு கேமரா வைத்தாலும் அடிப்படைச் சிக்கல் தீராது. தோல்மீது திரவப் படலம் இருக்கும்வரை கேமராவுக்குத் தெரிவது அந்தப் படலம்தான், அதற்கு அடியிலுள்ள தோல் அல்ல. நடுவில் பறக்கும் துளி மூட்டம் வேறு மறைக்கிறது. படலம் ஆவியாகிப் போன பிறகுதான் கேமராவின் பேச்சைக் கேட்கலாம். நமக்கு வேண்டிய கணம் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

தெர்மோகப்பிளுக்கு வேறு நோய். இரண்டு கம்பிகள் சேரும் முனையில் ஒரு சிறு உலோக மணி இருக்கிறது அல்லவா, அது தோலுக்கு மேலே மேடாக உட்கார்ந்திருக்கிறது. அதன்மீது எல்லாப் பக்கமும் திரவம் படிகிறது. தோலோடு தொடுவது அடியில் ஒரு புள்ளி மட்டும். ஆகவே அது காட்டுவது பெரும்பாலும் திரவத்தின் வெப்பநிலை. அப்புறம், அதன் தாமதத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணி 0.1 மில்லிமீட்டர் விட்டம் என்று வையுங்கள். இந்த மாதிரி ஸ்ப்ரேயில் நடக்கும் வெப்பமாற்றத்துக்கு அந்த மணி தன்னை ஓரளவு சரிப்படுத்திக்கொள்ளவே 13 மில்லிவினாடி போல ஆகும். மணி 0.3 மில்லிமீட்டர் என்றால் 40 மில்லிவினாடி. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இந்த இரண்டாவது வகை. ஸ்ப்ரே முடியும் நேரத்தில்தான் அது விழித்துக்கொள்கிறது.

மைனஸ் 38 என்ற எண் உங்களை இன்னொரு விதத்திலும் குழப்பியிருக்கும். இந்த ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் பயன்படுவது டெட்ராஃபுளோரோஈத்தேன், அதாவது ஆர்-134ஏ. அதன் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. கொதிநிலைக்கும் கீழே எப்படிப் போனது? ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அறை வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டுவதற்கு என்ன காரணமோ அதே காரணம். துளி காற்றில் பறக்கும்போது அதைச் சுற்றியிருப்பது முழுக்கத் தன் ஆவி அல்ல, காற்றும் கலந்திருக்கிறது. அதனால் கொதிநிலையை எட்டிய பிறகும் ஆவியாதல் நிற்பதில்லை. துளி தன் வெப்பத்தையே செலவழித்து இன்னும் குளிர்கிறது. மைனஸ் 50, அதற்கும் கீழே கூடப் போகும். ஆகவே உங்கள் மைனஸ் 38 கருவிப் பிழை அல்ல. பாதி விழித்த ஒரு மணி, திரவத்தைப் பார்த்துச் சொன்னது.

சரி, அப்படியானால் எதை அளக்க வேண்டும்? இதைச் சொல்வதற்கு, ஸ்ப்ரே எதற்காக அடிக்கிறார்கள் என்பதை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

போர்ட் ஒயின் மச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் சிவப்பு மச்சம் அது. தோலுக்கு அடியில் விரிந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள்தான் காரணம். தோல் மருத்துவ ஆய்வாளர்களான ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் 1983-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள்: ரத்தம் விரும்பி உறிஞ்சும் நிறத்தில், குழாய் ஆறிப்போவதற்குள் முடிந்துவிடும் குறுகிய லேசர் துடிப்பைக் கொடுத்தால் குழாய் மட்டும் வெந்து, சுற்றியுள்ள திசு தப்பிக்கும். 585, 595 நானோமீட்டர் மஞ்சள் லேசர்கள் அதன்படி வந்தவை. கொள்கை அழகானது. ஆனால் ஒளி குழாயை அடைவதற்கு முன்னால் மேல்தோலைக் கடக்க வேண்டும், அங்கே மெலனின் காத்திருக்கிறது. அதுவும் அதே ஒளியை உறிஞ்சிச் சூடாகும். தோல் எவ்வளவு கருமையோ அவ்வளவு சூடு. குழாயை வேகவைக்கும் அளவுக்குக் கொடுத்தால் மேல்தோல் கொப்பளிக்கும். மேல்தோலைக் காப்பாற்றக் குறைத்தால் மச்சம் போகாது. இந்த இக்கட்டிலிருந்து வெளியேறும் வழியாகத்தான் 1990-களின் நடுவில் லேசர் மருத்துவ ஆய்வாளர் நெல்சனும் அவருடன் இருந்தவர்களும் துடிப்புக்குச் சற்று முன் சில பத்து மில்லிவினாடிகள் குளிர்திரவத்தைப் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். மேல்தோல் மட்டும் குளிர வேண்டும், கீழே இருக்கும் குழாய் சூடாகவே இருக்க வேண்டும்.

மேல்தோலின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெலனின் அதன் அடிப்பகுதியில் செறிந்திருக்கிறது. குழாய்கள் 150 மைக்ரானுக்குக் கீழே தொடங்கி அரை மில்லிமீட்டர்வரை இருக்கும். ஆக நம் கேள்வி "தோல் எத்தனை டிகிரி?" என்பதல்ல. லேசர் சுடும் அந்தக் கணத்தில், மெலனின் இருக்கும் ஆழத்தில் எத்தனை டிகிரி குறைந்தது, குழாய் இருக்கும் ஆழத்தில் எத்தனை குறைந்தது என்பதே கேள்வி. முதலாவது பெரிதாகவும் இரண்டாவது பூஜ்யத்துக்கு அருகிலும் இருந்தால் ஸ்ப்ரே நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் 80 மைக்ரான் ஆழத்தில் உயிருள்ள தோலுக்குள் உணரியைச் செருகி நேரடியாக அளக்க முடியாது. அதனால் சுற்றுவழி. மேற்பரப்பு வழியாக ஒவ்வொரு மில்லிவினாடியும் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், உள்ளே நடப்பதை வெப்பக் கடத்தல் சமன்பாடு சொல்லிவிடும். ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு வினாடியில் வெளியேறும் இந்த வெப்பத்தை வெப்பப் பாய்வு என்கிறோம். ஸ்ப்ரேயின் திறமைக்கு நான் கேட்கும் முதல் அளவு அதுதான். வெப்பநிலை அல்ல, நேரத்தோடு மாறும் வெப்பப் பாய்வு.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பயனுள்ள அளவு என்று புரியும். இந்த ஸ்ப்ரேக்களில் வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்குச் சில பத்து கிலோவாட்டிலிருந்து சில நூறு கிலோவாட்வரை போகும். கணக்குக்காக 200 கிலோவாட் என்று வைத்து, 50 மில்லிவினாடி முழுக்க அது மாறாமல் இருந்ததாகக் கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல் வெப்பம் வெளியேறியிருக்கும். தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 40 டிகிரி குறையும். 33-இல் தொடங்கினால் மைனஸ் 7. ஐம்பது மைக்ரான் ஆழத்தில் 20 டிகிரி குறையும். நூறு மைக்ரானில் 9 டிகிரி. முந்நூறு மைக்ரானில் பத்தில் ஒரு டிகிரி கூடக் குறைவதில்லை. மேலே உறைபனி, ஒரு தலைமுடியின் தடிமனுக்குக் கீழே வெறும் ஒன்பது டிகிரி, குழாய்க்குச் செய்தியே போகவில்லை! இந்த முறையின் அருமை முழுவதும் இந்த நான்கு எண்களில் இருக்கிறது. முதன்முதலில் இதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்பது டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வெப்பத்தால் திசு சிதையும் வேகம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அடுக்குக்குறிபோல் பாய்ந்து ஏறுகிறது. தீக்காயத்தை ஆராய்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் 1947-இல் வெளியிட்ட அளவுகளின்படி 44 டிகிரியில் மேல்தோல் கருக ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேண்டும். 70 டிகிரியில் ஒரு வினாடிகூட வேண்டாம். அந்த ஏற்றத்தில் ஒன்பது டிகிரி முன்கூட்டியே குறைத்துக் கொடுப்பது, கொப்பளம் வருமா வராதா என்பதையே மாற்றிவிடும்.

இப்போது அதே ஸ்ப்ரேயை 200 மில்லிவினாடிக்கு நீட்டினால்? மேற்பரப்பு அந்த 40 டிகிரிக் குறைவிலேயே நின்றதாக வைத்தால், நூறு மைக்ரானில் 25 டிகிரி குறையும், முந்நூறு மைக்ரானில் 6 டிகிரி. மேல்தோலுக்கு இன்னும் நல்ல பாதுகாப்பு, ஆனால் குழாயும் குளிரத் தொடங்கிவிட்டது. நீளமாக அடித்தால் அதிகப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

வெப்பப் பாய்வை எப்படி அளப்பது? இங்கே வழக்கமாக நேரடிக் கருவியைப் பயன்படுத்துவதில்லை. வெப்பநிலையை அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பாதி வேலை போலித்தோல் தயாரிப்பில் இருக்கிறது.

பெரும்பாலானோர் எபாக்சி ரெசினில் ஒரு கட்டி வார்த்து அதன் மேற்பரப்பிலோ, மிக மெல்லிய படலத்துக்கு அடியிலோ உணரியைப் பதிக்கிறார்கள். எபாக்சியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அதனுள் வெப்பம் பரவும் வேகம் தோலில் பரவும் வேகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். பரவும் வேகம் ஒத்துப்போனாலும், அதே அளவு வெப்பத்தை எடுத்தால் எபாக்சியின் மேற்பரப்பு தோலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு குளிர்ந்துவிடும். ஏனென்றால் அதில் நீர் இல்லை. அதன் வெப்பக் கொள்ளளவு குறைவு, கடத்துதிறனும் குறைவு. மேலே தோல் 40 டிகிரி குறைந்த அதே 200 கிலோவாட்டுக்கு எபாக்சி 80 டிகிரி குறைய வேண்டும். அதாவது மைனஸ் 47. திரவமே அந்த வெப்பநிலைக்கு அருகில்தான் இருக்கிறது என்பதால் நிஜத்தில் பாய்வு அதற்கு முன்பே தளர்ந்துவிடும். ஆக எபாக்சியில் எடுத்த வெப்பநிலை வரைபடத்தை அப்படியே "தோல் இவ்வளவு குளிர்ந்தது" என்று எழுதிவிடக் கூடாது. அதிலிருந்து எடுக்க வேண்டியது, மேற்பரப்பு இந்த வெப்பநிலையில் இருந்தபோது பாய்வு இவ்வளவு என்ற உறவு. அதைத் தோலின் பண்புகளோடு மறுபடி கணக்கில் போட வேண்டும். செப்புத் தகட்டிலோ அலுமினியத் தகட்டிலோ அளந்தவர்களுக்கு இதற்கு நேர்மாறான பிழை வரும். உலோகம் குளிரவே மறுக்கும், அதனால் திரவம் கொதிக்கும் விதமே மாறிப்போகும்.

உணரியைப் பதிக்கும் ஆழம் அடுத்த விஷயம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வேகமாக மாறும் வெப்ப அலை உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடும். வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் ஒரு மாற்றம் 20 மைக்ரான் ஆழத்தில் பாதியளவு மிஞ்சும். நூறு மைக்ரான் ஆழத்தில் இரண்டு சதவீதம்தான் மிஞ்சும். அங்கே உணரியை வைத்துவிட்டு, மேலே நடந்ததைக் கணக்கால் மீட்டெடுக்கிறேன் என்றால், அந்த இரண்டு சதவீதத்தை ஏறத்தாழ ஐம்பது மடங்கு பெருக்குகிறீர்கள் என்று பொருள். கூடவே மின்னிரைச்சலும் ஐம்பது மடங்கு பெருகும். இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு நல்ல வழிமுறைகள் இருக்கின்றன. அடுத்த சில அளவுப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாகப் பாய்வைக் கண்டுபிடிக்கும் பெக்கின் முறை பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் எந்த வழிமுறையும் உணரிக்கு வந்து சேராத தகவலை உண்டாக்கித் தராது. இரைச்சலை அடக்க வரைபடத்தை வழவழப்பாக்கினால் உச்சப் பாய்வு குறைவாகவும் தாமதமாகவும் தெரியும். நான் முதல் சில மாதங்கள் எடுத்த வரைபடங்களில் உச்சம் எல்லாவற்றிலும் ஸ்ப்ரே நின்ற பிறகே வந்தது. ஏதோ புதிய விளைவைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். உணரியை மேலே கொண்டுவந்ததும் உச்சம் தொடக்கத்துக்கு நகர்ந்தது. அத்தனையும் ஆழத்தின் வேலை.

அதனால் முடிந்தவரை மேற்பரப்பிலேயே அளந்துவிடுங்கள். இதற்கு ஏற்ற உணரி மென்படலத் தெர்மோகப்பிள்: கம்பிக்குப் பதிலாக, சில மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் இரண்டு உலோகங்களை எபாக்சியின் மேலேயே ஆவியாக்கிப் படியவைப்பது. அது மேடாக நிற்பதில்லை, திரவ ஓட்டத்தைத் தொந்தரவு செய்வதில்லை, ஒரு மில்லிவினாடிக்கும் வெகு குறைவான நேரத்தில் பதில் சொல்லும். சீனாவின் சியான் ஜியாவோடோங் பல்கலைக்கழகத்தில் இந்த வகை உணரிகளை வைத்து நிறைய அளவெடுத்திருக்கிறார்கள். மேற்பரப்பு வெப்பநிலை நேரடியாகவே கையில் இருந்தால் தலைகீழ்க் கணக்கின் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். மேற்பரப்பு வெப்பநிலை நேரத்தோடு மாறிய விதத்திலிருந்து நேராகக் கணக்கிடும் டூயமெலின் தொகையீட்டு முறையிலேயே பாய்வைப் பெற்றுவிடலாம். அந்த வசதி இல்லையென்றால், 25 மைக்ரான் கம்பியைத் தட்டையாக அழுத்தி, மிக மெல்லிய படலத்துக்கு அடியில் வைத்து, அந்தப் படலத்தின் தடிமனை ஒழுங்காக அளந்து எழுதி வையுங்கள். தடிமனை யூகித்து எழுதாதீர்கள். இருபதா நாற்பதா என்ற வித்தியாசம் முடிவையே மாற்றும். வினாடிக்கு ஆயிரம் புள்ளிகளுக்குக் குறையாமல் பதிவு செய்யுங்கள்.

இன்னொரு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கியதும் அது உங்களைக் குழப்பும். வெப்பமாற்றக் கெழு. நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, பாய்வை வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால் வருவது. ஒரே மாதிரி ஸ்ப்ரேக்களுக்கு ஒருவர் சில ஆயிரம் (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட்) என்பார், இன்னொருவர் பல பத்தாயிரம் என்பார். இவ்வளவு வித்தியாசம் ஏன்? எந்த வெப்பநிலையைக் கழிக்கிறோம் என்பதில் பாதி ரகசியம். மேற்பரப்பு பூஜ்யம் டிகிரியில் இருக்கும்போது பாய்வு 200 கிலோவாட் என்று வையுங்கள். திரவம் கொதிநிலையான மைனஸ் 26-இல் இருப்பதாகக் கொண்டால் கெழு ஏறத்தாழ 7,700. நிஜமாக அளந்த மைனஸ் 50-ஐப் போட்டால் 4,000. அளவு ஒன்றே, பெயர் சூட்டுவதில்தான் இரண்டு மடங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு, ஸ்ப்ரே ஓடும்போதும் நின்ற பிறகும் இந்தக் கெழு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே எண்ணால் அதைச் சொல்ல முடியாது. எனவே உங்கள் அறிக்கையில் பாய்வையும் மேற்பரப்பு வெப்பநிலையையும் நேரத்தோடு கொடுத்துவிடுங்கள். கெழு வேண்டுபவர்கள் தாங்களே வகுத்துக்கொள்ளட்டும்.

"திறமை" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: செலவான திரவத்தில் எவ்வளவு உருப்படியாகப் பயன்பட்டது? இதை அளப்பது எளிது, ஆனால் செய்பவர்கள் குறைவு. டப்பாவை எடைபோட்டு, நூறு தடவை அடித்து, மறுபடி எடைபோட்டு வகுத்தால் ஒரு தடவைக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். ஆர்-134ஏயின் உள்ளுறை வெப்பம், அதாவது ஆவியாக அது எடுத்துக்கொள்ளும் வெப்பம், கிலோவுக்கு ஏறத்தாழ 217 கிலோஜூல். நம் உதாரணத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல் எடுக்க 5 மில்லிகிராமுக்கும் குறைவான திரவம் போதும். திரவப் படலமாகப் பரப்பினால் அதன் தடிமன் 33 மைக்ரான்! நிஜத்தில் இதைவிட எவ்வளவோ அதிகம் செலவாகிறது. பறக்கும்போதே ஆவியாவது, மோதித் தெறிப்பது, ஓரமாக வழிந்தோடுவது எல்லாம் வீண். ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடிய வாயு என்பதாலும், 2016-இன் கிகாலி உடன்பாடு இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வதாலும், இந்த வீணடிப்பை அளப்பது அவசியம் என்று நினைக்கிறேன். மாற்றுத் திரவங்களைச் சோதிப்பவர்களும் இந்த எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் ஒப்பிட உதவும்.

திரவ நைட்ரஜன் இன்னும் குளிர்ச்சியாயிற்றே, மைனஸ் 196, அதை ஏன் அடிப்பதில்லை என்று அடுத்த கேள்வி வரும். அது அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதே தடை. முப்பது டிகிரித் தோல் அதற்குக் கொதிக்கும் தோசைக்கல் மாதிரி. தொட்டவுடன் ஆவிப் படலம் உருவாகி, துளி அதன்மேல் மிதக்கும். லைடன்ஃப்ராஸ்ட் விளைவு என்பார்கள். ஆவி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் சில பத்து மில்லிவினாடிகளுக்குள் கட்டுப்பாட்டோடு குளிர்விக்க அது உதவாது. மருவை உறையவைத்து அழிப்பதற்கு அது நல்ல பொருள், அங்கே வினாடிக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. திரவம் எவ்வளவு குளிர்ந்தது என்பது மட்டும் எதையும் தீர்மானிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அளக்கும்போது ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டியவை பல. டப்பாவின் வெப்பம் முதலில். ஆர்-134ஏயின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் 5.7 பார், 30 டிகிரியில் 7.7 பார். காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்த அளவும் ஒத்துப்போகாததற்கு இதுவே போதும். அறையின் ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கள். ஈரமான காற்றில் ஸ்ப்ரே நின்றதும் வெள்ளைப் பனி படியும், படியும்போது வெப்பத்தைக் கொடுக்கும், அதனால் பின்பாதி வரைபடம் மாறும். போலித்தோலைத் தோலின் வெப்பத்துக்கு, அதாவது 33 டிகிரிக்கு அருகில், சூடாக்கி வைத்துத் தொடங்குங்கள். தூரமும் முக்கியம். திரவம் வெளிவரும் ஸ்ப்ரே முனை தள்ளிப் போனால் துளிகள் அதிகம் குளிர்ந்து வரும், ஆனால் வேகமும் எண்ணிக்கையும் குறையும். கிட்டே வைத்தால் திரவம் நிறைய வரும், ஆனால் சூடாக. நடுவில் எங்கேயோ பாய்வு உச்சமாக இருக்கும், அது முனைக்கு முனை வேறுபடும்.

வால்வுக்குக் கொடுத்த நேரத்தை ஸ்ப்ரே நேரம் என்று எழுதிவிடாதீர்கள். 50 மில்லிவினாடி என்று கட்டளை கொடுத்தால், திறக்கச் சில மில்லிவினாடி தாமதமாகும்; மூடிய பிறகு ஸ்ப்ரே குழாயில் மாட்டிக்கொண்ட திரவம் கொஞ்சநேரம் கசிந்துகொண்டிருக்கும். முனைக்கு எதிரே ஒரு மெல்லிய ஒளிக்கற்றையையும் ஒளியுணரியையும் வைத்தால் உண்மையான தொடக்கமும் முடிவும் தெரிந்துவிடும். ஸ்ப்ரே நின்ற பிறகும் தோல்மேல் தங்கிய படலம் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். சாதனங்களில் ஸ்ப்ரேக்கும் லேசருக்கும் நடுவே 10, 20 மில்லிவினாடி இடைவெளி விடுகிறார்கள் அல்லவா, அந்த இடைவெளியில் நடக்கும் குளிர்தலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்ப்ரே நேரத்தோடு வரைபடத்தை வெட்டிவிடுபவர்கள் பாதிக் கதையைத் தொலைக்கிறார்கள்.

உயிருள்ள தோலில் எதுவுமே அளக்க முடியாதா? ஒரு நல்ல வழி இருக்கிறது, ஆனால் அது மருத்துவரின் மேற்பார்வையில், ஆய்வு அனுமதியோடு செய்ய வேண்டியது. சிகிச்சை அளவைவிட மிகக் குறைந்த லேசர் துடிப்பு ஒன்றைக் கொடுத்து, அடுத்த அரை வினாடியில் தோல் வெளிவிடும் அகச்சிவப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று வேகமான உணரியால் பதிவு செய்வது. மெலனின் சூடானது உடனடிப் பாய்ச்சலாகத் தெரியும். ஆழத்தில் இருக்கும் குழாயின் வெப்பம் மெதுவாக மேலே வந்து இரண்டாவது மேடாகத் தெரியும். அந்த முதல் பாய்ச்சலின் உயரம், இந்த மனிதரின் மேல்தோல் ஒரு ஜூலுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று சொல்லிவிடும். போலித்தோலில் எடுத்த பாய்வையும் இதையும் சேர்த்தால், இவருக்கு எந்த லேசர் அளவுவரை பாதுகாப்பு என்று கணக்கிட முடியும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். வெளுத்த தோலுக்குப் போதுமான குளிர்ச்சி அவர்களுக்குப் போதாமல் போவதும், அதை ஈடுகட்ட நீளமாக அடித்தால் அவர்களின் நிறமே குளிரால் பாதிக்கப்படுவதும் இரண்டுமே நடக்கக்கூடியவை. பொத்தாம்பொதுவான அமைப்பு எண்ணை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, ஒரே புள்ளியில் அளந்து முடித்துவிடாதீர்கள். ஸ்ப்ரே விழும் வட்டத்தின் நடுவே பாய்வு அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு, உச்சம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. 2005 வாக்கிலேயே நடுவிலிருந்து ஓரம்வரையிலான இந்த வேறுபாட்டை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆனாலும் நடுப்புள்ளி எண்ணை மட்டும் போட்டு "இந்த ஸ்ப்ரே இவ்வளவு" என்று எழுதும் வழக்கம் போகவில்லை. லேசர் வட்டம் குளிர்ந்த வட்டத்தோடு சரியாகப் பொருந்தாமல் போனால், குளிராத ஓரத்தில் பிறை வடிவத்தில் தழும்பு விழும். கைப்பிடியைச் சாய்த்துப் பிடித்தால் நடப்பது இதுதான், மருத்துவ இதழ்களில் இந்தப் பிறைத் தழும்புகள் பதிவாகியிருக்கின்றன. அதனால் உங்கள் எபாக்சிக் கட்டி தயாரானதும் நடுவில் ஒரு அளவு, பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டராக வெளியே நகர்ந்து ஓரம்வரை அளவு எடுங்கள். அப்புறம் முனையை 10 டிகிரி, 20 டிகிரி சாய்த்து அதே வரிசையை மறுபடி எடுங்கள். சாய்த்தபோது பாய்வு எங்கே பாதியாகிறதோ, அந்தக் கோட்டுக்கு உள்ளே லேசர் வட்டம் முழுவதும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால், நடுப்புள்ளி எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அந்த அமைப்பை நோயாளியிடம் கொண்டுபோக வேண்டாம்.